பதினோரு அடி ஏழு அங்குலம்

பதினாலு, பதினைந்து, பதினாறு. நிறுத்திவிட்டார். இனிக் கொஞ்சம் மூச்சு வாங்குவார், எக்ஸ்ரே திரையைப் பார்ப்பார், மறுபடி சுத்தியலை எடுப்பார். அடிக்கிற கை யாருடையதானாலும் அதற்கென்று ஒரு கணக்கு இருக்கும், இருபத்தாறு வருஷப் போலீஸ் வேலையில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். அடிபடுவது என் வலது கால். வலி இல்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துவிட்டார்கள். ஆனால் அதிர்வு வருகிறது, ஒவ்வோர் அடிக்கும் மேஜை அசைகிறது, மேஜையோடு நான் அசைகிறேன், பல்லோடு பல் மோதுகிறது. நெஞ்சுக்கு மேலே பச்சைத் துணியைத் திரைபோலக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் எலும்பு டாக்டர் ரெஜினா அம்மா, அவரிடம் மேல்படிப்புப் படிக்கிற டாக்டர் இளமாறன், ஒரு நர்ஸ். இந்தப் பக்கம் நானும், தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிற மயக்க டாக்டரும். அவர் நல்ல மனுஷன். "ஏட்டய்யா, பேசாம ஒரு ஊசி போட்டுவிடட்டுமா? நிம்மதியாத் தூங்கிடுவீங்க, இந்தச் சத்தமெல்லாம் கேக்க வேணாம்" என்று இதுவரை மூன்று தடவை கேட்டுவிட்டார். "வேணாம் சார், முழிச்சே இருக்கேன்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். "போலீஸ்காரர்னா சும்மாவா" என்கிறார். தைரியமாவது மண்ணாவது. காலையில் தள்ளுவண்டியில் என்னை உள்ளே கொண்டுவரும்போது இன்ஸ்பெக்டர் குலசேகரன் கூடவே நடந்து வந்து, குனிந்து, காதோரமாகச் சொன்னார்: "யோவ் தவசி, மயக்கத்துல எதையாவது உளறித் தொலைச்சிடாத." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரித்தால்தான் எனக்குப் பயம். அதனால் கண்ணைக்கூட மூடாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

துளை போடுகிறார்கள். மெஷின் சத்தம் முதலில் மெல்லிசாக இருந்து எலும்புக்குள் இறங்க இறங்கத் தடிக்கிறது, கருகல் வாடை வருகிறது, சலூனில் முடி பொசுங்கினால் வருமே அந்த வாடை. என் எலும்பு. "இழுங்க இளமாறன், கம்பியப் பிடிச்சுக் கீழ இழுங்க, பயப்படாதீங்க, வராது" என்கிறார் டாக்டரம்மா. எது வராது, கையோடு காலா? அந்தம்மாவுக்கு என்னை ஞாபகம் இருக்கிறதா இல்லையா, அது தெரிந்தால் போதும். பதிமூன்று நாளாக இதே யோசனைதான். வார்டில் தினம் வந்து காலைப் பார்த்தார், வீக்கத்தை அமுக்கிப் பார்த்தார், தோலில் சுருக்கம் விழுந்தால்தான் கத்தி வைப்பேன் என்றார், போய்விட்டார், முகத்தை ஒரு தரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பார்த்தார். இதே ஆஸ்பத்திரி, கீழே அவசர சிகிச்சைப் பகுதி, மத்தியானம் ரெண்டு மணி. திருட்டுக் கேசில் பிடித்த சோலைமணியை ஸ்ட்ரெச்சரில் போட்டுக் கொண்டுவந்தவன் நான். "ஸ்டேஷன் மொட்டை மாடியில இருந்து குதிச்சுத் தப்பிச்சு ஓடப் பாத்தான் மேடம், ரெண்டு காலும் போச்சு" என்று சொன்னவனும் நான். அவர் போர்வையை விலக்கினார். பாதங்களைப் பார்த்தார். குதிகாலைப் பெருவிரலால் அமுக்கினார், ரெண்டு பக்கமும். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார், இடுப்பு பெல்ட்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார். என் வலது உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அவர் போர்வையை இழுத்து மூடினார். பேனாவை எடுத்து, உயரத்திலிருந்து குதித்ததாகச் சொல்லப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. டாக்டர்கள் எழுதுவார்கள், நாம் சொல்வதை எழுதுவார்கள், அவர்களுக்கும் வேலை இருக்கிறது, வீடு வாசல் இருக்கிறது. இப்போது அதே அம்மாவின் கையில் சுத்தியல் இருக்கிறது, என் கால் இருக்கிறது, எனக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. ஒரு ஸ்க்ரூவைக் கொஞ்சம் கோணலாக ஏற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது. நான் கேட்பேனா? அவன் கேட்டானா?

மறுபடி சுத்தியல். பதினேழிலிருந்து தொடங்குவதா, ஒன்றிலிருந்தா? ஸ்டேஷனில் எண்ணிக்கை தப்பினால் ஒன்றிலிருந்து தொடங்குவோம். உள்ளங்காலில் அடிப்பதற்கு அங்கே லாடம் கட்டுவது என்று பேர். ஆளைப் பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, கணுக்கால் ரெண்டையும் சேர்த்துக் கட்டினால் பாதம் ரெண்டும் கூரையைப் பார்த்து நிற்கும். லத்தியை அந்த உள்ளங்காலில் இறக்க வேண்டும், அவ்வளவுதான். தழும்பு இருக்காது, மாஜிஸ்திரேட் சட்டையைக் கழற்றிக் காட்டச் சொன்னால் முதுகு சுத்தமாக இருக்கும். அதில் நான் பேர் வாங்கியவன். பக்கத்து ஸ்டேஷன்காரர்கள் ஜீப் அனுப்பி என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், கல்யாணத்துக்குச் சமையல்காரனைக் கூப்பிடுகிற மாதிரி. சோலைமணி பந்தல் போடுகிறவன். கல்யாண வீட்டில் பொண்ணின் ஆரம் காணவில்லை, பந்தல் பிரிக்க வந்தவன் அவன், போதாதா? முதல் இருபது அடிக்கு அவன் அழவில்லை. மூங்கிலில் வெறுங்காலோடு ஏறி ஏறி உள்ளங்கால் தோல் செருப்பு மாதிரி இருந்தது அவனுக்கு. "நான் நகைய கண்ணால கூட பாக்கலங்கய்யா." ஒவ்வோர் அடிக்கும் அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அழுதிருந்தால் விட்டிருப்பேன், மெய்யாகவே விட்டிருப்பேன், இல்லை, விட்டிருக்க மாட்டேன், எதற்கு இப்போது பொய். லத்தி முறிந்தது. சுற்றியிருந்த கான்ஸ்டபிள்கள் ரெண்டு பேர் சிரித்தார்கள், லத்தி முறிந்ததற்குத்தான், ஆனால் என்னைப் பார்த்துச் சிரித்ததாக எனக்குப் பட்டது. மூலையில் உடைந்த பேரிகார்டின் இரும்புக் குழாய் ஒன்று சாத்தியிருந்தது. அதை எடுத்தேன். எத்தனையாவது அடி என்று யாரும் எண்ணவில்லை, சத்தம் மாறியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதுவரை சொத்து சொத்து என்று கேட்டது, அப்புறம் உள்ளே ஏதோ நொறுநொறுத்தது. அவன் அந்த வாக்கியத்தை நிறுத்தினான். பாதி வாக்கியத்தில் நிறுத்தினான். மறுநாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கல்யாண வீட்டிலிருந்து ஸ்டேஷன் ரைட்டருக்கு போன் வந்தது. ஆரம் பொண்ணின் அத்தை கைப்பையில், கைக்குட்டைக்குள் இருந்ததாம். பத்திரமாக இருக்கட்டும் என்று அவளே எடுத்து வைத்து மறந்துபோனாளாம்.

"கால்ல போதும், இப்ப இடுப்புக்கு வரேன்" என்கிறார் டாக்டரம்மா. யாரிடம் சொல்கிறார், என்னிடமா? மயக்க டாக்டர் குனிந்து விளக்குகிறார்: "குதிகால் எலும்பு உள்ள பஞ்சு மாதிரிங்க. நீங்க விழுந்த வேகத்துல நசுங்கிக் குழியாகிடுச்சு. இடுப்பு எலும்புல கொஞ்சம் வெட்டி எடுத்து அந்தக் குழிய ரொப்பப் போறாங்க." உளி. உளி வைத்து இடுப்பில் அடிக்கிறார்கள். இந்த அடி வேறு மாதிரி வருகிறது, முதுகெலும்பு வழியாக நேராக மண்டைக்கு வருகிறது. ஒன்று, ரெண்டு, மூன்று, முனகுகிற மாதிரி ஒரு சத்தம், யார் முனகினது? நான்தான். வலியில்லாமல் முனகினேன். வெட்டுகிறார்கள், என்னை வெட்டி என்னிடமே வைக்கிறார்கள். வீக்கம் வடிய பதிமூன்று நாள் ஆயிற்று எனக்கு. கொப்புளம் கொப்புளமாக, கறுத்து, பளபளவென்று, விரல்களெல்லாம் கத்தரிக்காய் மாதிரி. வீங்கின காலில் கத்தி வைத்தால் தோல் மூடாது, சீழ் பிடிக்கும், அப்புறம் காலையே எடுக்க வேண்டிவரும் என்று வார்டில் நர்ஸ் சொன்னாள். காலையே எடுப்பது. அதைச் சாம்பார் ஊற்றட்டுமா என்கிற குரலில் சொன்னாள். வீக்கத்தைப் பற்றி எனக்குத் தெரியாததா? லாடம் கட்டினால் உடனே அவிழ்த்துவிட்டு ஆளைக் குதிக்கவிட வேண்டும். நின்ற இடத்திலேயே, ஐம்பது எண்ணும்வரை. இல்லையென்றால் ரத்தம் கட்டி வீங்கிக் கோர்ட்டில் காட்டிக்கொடுத்துவிடும். அதுதான் முறை, எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொன்ன முறை. அவனையும் அவிழ்த்து நிறுத்தினேன். "குதிடா." என்னைப் பார்த்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு குதித்தான். அந்தக் காலோடு குதித்தான். நான் எண்ணினேன். ஒன்று, ரெண்டு, ஒவ்வொன்றுக்கும் தரையில் ஈரமாக ஒரு சத்தம், ஏழு, எட்டு, ஒன்பது. ஒன்பதில் விழுந்தான். மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் தெளித்தேன். சட்டைப் பையில் பந்தல் கட்டுகிற சணல் கயிறு ஒரு துண்டு வைத்திருந்தான், அதை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு கிடந்தான். நான் எத்தனையோ பேரை அடித்திருக்கிறேன், கயிற்றைக் கடித்தவன் அவன் ஒருவன்தான். ஆரம் கிடைத்த பிறகு இன்ஸ்பெக்டர் நகத்தைக் கடித்துக்கொண்டு அரைமணி நேரம் யோசித்தார். சும்மா அனுப்பினால் நம் தலையில் விடியும். அப்புறம் கூரையைப் பார்த்தார். "மாடியில இருந்து குதிச்சான். தப்பிச்சு ஓடப் பாத்தான். எழுதிக்கய்யா." எழுதினோம். காவலிலிருந்து தப்ப முயன்ற கேஸ், நிரூபணமானால் ரெண்டு வருஷம் வரை உள்ளே. ஒன்றுமே எடுக்காதவன்.

"ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் மேடம்" என்கிறாள் நர்ஸ். தொடையில் ஒரு பட்டையை இறுக்கி ரத்தத்தை நிறுத்தியிருக்கிறார்கள், ரெண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படி வைக்கக் கூடாதாம். கால் இப்போது ரத்தம் இல்லாமல் வெளுத்துக் கிடக்கும், கறிக்கடைக் கால் மாதிரி. போன மாசம் கோர்ட் வராந்தாவில் அவனைப் பார்த்தேன், பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான் அந்தப் பக்கமாகப் போனேன், வேறு வழி இல்லை, படிக்கட்டு அங்கேதான். என்னைப் பார்த்ததும் ரெண்டு காலையும் பெஞ்சுக்கு அடியில் உள்ளே இழுத்துக்கொண்டான். எழுந்திருக்கவில்லை, முறைக்கவில்லை, திட்டவில்லை. காலை இழுத்துக்கொண்டான். அடிக்க ஓங்கினால் நாய் காலை இழுத்துக்கொள்ளுமே. நான் ஓங்கவே இல்லை. கையில் ஃபைல் இருந்தது. வேறு எதுவும் இல்லை. காலை இழுத்துக்கொண்டான். அன்றைக்குக் கூண்டில் அவன் வக்கீல் என்னைக் குறுக்கு விசாரணை செய்தாள். என் மூத்த மகள் வயசுதான் இருக்கும். "என் கட்சிக்காரர் தினமும் இருபதடி மூங்கில் மேல ஏறி இறங்குறவர். பன்னெண்டு அடி, பதினஞ்சு அடியில இருந்து சர்வசாதாரணமா குதிக்கிறவர். உங்க ஸ்டேஷன் மாடி எத்தனை அடி?" "தெரியாது." "அளந்து பாக்கலையா?" "இல்லை." "அங்க இருந்து வேற யாராவது குதிச்சிருக்காங்களா?" "இல்லை." "அப்ப அங்க இருந்து குதிச்சா கால் உடையும்னு எப்படிச் சொல்றீங்க?" ஜட்ஜ் நிமிர்ந்து பார்த்தார். விசாரணையை அடுத்த மாசத்துக்குத் தள்ளி வைத்து, ஸ்டேஷன் மாடியின் உயரத்தை அளந்து தாக்கல் செய்யச் சொன்னார். அளந்தோம். நான், இன்ஸ்பெக்டர், ரெண்டு கான்ஸ்டபிள், காலை பத்தரை மணி. டேப்பைக் கீழே விட்டுப் பிடித்தோம். பதினோரு அடி ஏழு அங்குலம். இன்ஸ்பெக்டர் உதட்டைப் பிதுக்கினார். "இவ்வளவுதானா? இதுக்கா ரெண்டு காலும் உடையும்? அந்தப் பொண்ணு கிழிச்சுடுவா." அப்புறம் என் வயிற்றைப் பார்த்தார். "ஏன்யா தவசி, குதிச்சான் குதிச்சான்னு கூண்டுல நின்னு சொல்றியே, நீ குதிச்சுப் பாத்திருக்கியா? உன்னால முடியாதுய்யா, கூப்பிட்டா படியிலயே உருண்டு வருவ." கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். அதே ரெண்டு பேர். எனக்கு நாற்பத்தொன்பது வயசு, சர்க்கரை, நூற்றுப் பதினைந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றேன். "டேய், விளையாட்டுக்குச் சொன்னா" என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. குதித்தேன்.

அதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை, பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. குதித்தபோது எனக்கு என்ன தோன்றியது என்று. கோபம் சுவரிலேயே தங்கிவிட்டது. அந்தரத்தில் ஒன்று மட்டும்தான் இருந்தது, உடைய வேண்டும், உடைந்தால் நான் சொன்னது பொய் இல்லை என்றாகிவிடும். கால் உடைய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்புறம் சிமென்ட் தரை. உடைந்தது. எலும்பு உடைகிற சத்தத்தை வெளியிலிருந்துதான் அதுவரை கேட்டிருந்தேன், உள்ளேயிருந்து கேட்டால் அது சத்தமே இல்லை, வெளிச்சம். நான் ஊளையிட்டேன். ஜீப்பில் ஏற்றும்போது இன்ஸ்பெக்டர் முகத்தில் கவலைக்குப் பின்னால் ஒரு சந்தோஷம் வந்து உட்கார்ந்ததை அந்த வலியிலும் பார்த்தேன். மறுநாள் வார்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். "தவசி, நீ தெய்வம்யா. அதே மாடி, அதே உயரம். அளவெடுக்கும்போது தவறி விழுந்துட்டேன்னு எழுதியாச்சு. வீல்சேர்ல கோர்ட்டுக்கு வா, பேசவே வேணாம், டாக்டர் சர்டிபிகேட்ட நீட்டு, கட்டுப் போட்ட காலத் தூக்கிக் காட்டு. அந்த வக்கீல் பொண்ணு வாயத் தொறக்க மாட்டா. உன் காலே சாட்சிய்யா." ஆரஞ்சை உரித்து ஒரு சுளையை என் வாயில் வைத்தார். மென்றேன். விழுங்கினேன். பன்னிரண்டு நாளாக அந்தச் சுளை தொண்டையில்தான் நிற்கிறது. என் கால் சாட்சி. என் கால் சொன்னால் சோலைமணி உள்ளே போவான், அந்தக் காலோடு ஜெயில் படியில் ஏறி இறங்குவான், கழிப்பறையில் குந்தி உட்கார முடியாது அவனால். நான் அதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ரெண்டு வருஷம் எப்படிக் குந்துவான் என்று.

திருகுகிறார்கள். திரையை என் பக்கமாகக் கொஞ்சம் திருப்பியிருக்கிறார்கள், எனக்கு எக்ஸ்ரே தெரிகிறது. என் குதிகால், கறுப்பு வெள்ளையில். அதன் பக்கவாட்டில் ஒரு இரும்புத் தகடு, அதில் வரிசையாக ஆணிகள். எனக்கும் லாடம் கட்டிவிட்டார்கள். சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது, மயக்க டாக்டர் பஞ்சால் துடைத்தார். அந்தப் பக்கம் டாக்டரம்மா பாடம் நடத்துகிறார். குரல் நிதானமாக இருக்கிறது. "இளமாறன், இத நல்லாப் பாத்துக்கங்க. மேல இருந்து குதிச்சவங்க கால் இப்படித்தான் இருக்கும். உடம்பு எடை மொத்தமும் குதிகால்ல இறங்கும், அது நசுங்கும், அப்புறம் கணுக்கால் மூட்டு வெடிக்கும். முன் பாதம் பெரும்பாலும் தப்பிச்சுக்கும். பாருங்க, விரல் பக்கம் ஒரு கீறல் கிடையாது." "சரிங்க மேடம்." "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்கிட்ட ஒருத்தர் வந்தார். பந்தல் போடுறவர். மாடியில இருந்து குதிச்சார்னு சொல்லிக் கொண்டுவந்தாங்க." சுத்தியல் இல்லை, மெஷின் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. என் நாடித்துடிப்பைக் காட்டுகிற மெஷின் மட்டும் டிக் டிக் என்று வேகம் பிடிக்கிறது, அது எல்லோருக்கும் கேட்கிறது, எனக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. "குதிகால் ரெண்டும் முழுசா இருந்துச்சு. முழுசா, ஒரு விரிசல் இல்லாம. பாதத்துல இருக்கற நீள எலும்பு பத்தும் தூள். குதிச்சா அப்படி உடையாது. கீழ இருந்து அடிச்சாத்தான் அப்படி உடையும்." "நீங்க என்ன எழுதினீங்க மேடம்?" நல்ல கேள்வி கேட்டான் அந்த டாக்டர். "அவங்க சொன்னத எழுதினேன்" என்றார் டாக்டரம்மா. "அடுத்த ஸ்க்ரூ குடுங்க. நாப்பது மில்லிமீட்டர்." ஞாபகம் இருக்கிறது. அந்தம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் ஸ்க்ரூ நேராகத்தான் போகிறது, நான் திரையில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஒன்றுகூடக் கோணவில்லை. என் கையில் அவன் கால் இருந்தபோது நான் என்ன செய்தேன், இந்தம்மா கையில் என் கால் இருக்கும்போது என்ன செய்கிறார். என்னால் தாங்க முடியவில்லை. கோணலாக ஏற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒரு மணி ஐம்பது மேடம்." "முடிஞ்சிடுச்சு. தையல் போட்டுடலாம்." பட்டையைத் தளர்த்துகிறார்கள், ஏதோ சூடாகத் தொடையில் இறங்குகிற மாதிரி இருக்கிறது, மரத்த காலில் எப்படித் தெரியும், என் நினைப்பாக இருக்கும். பச்சைத் துணிக்கு மேலே டாக்டரம்மா தலை வந்தது. முகமூடிக்கு மேலே கண் மட்டும். இந்தப் பதிமூன்று நாளில் முதல் தடவையாக என்னை நேருக்கு நேர் பார்த்தார். "ஏட்டு தவசிலிங்கம். சேர்க்கும்போது உங்க இன்ஸ்பெக்டர் சொன்னதத்தான் எழுதியிருக்கு. உங்க வாயால நான் கேக்கல. எப்படி விழுந்தீங்க?" உளறிவிடாதே என்றார் இன்ஸ்பெக்டர். மயக்கம் இல்லை, உளறலும் இல்லை, தூக்கம் வேண்டாம் என்று சொல்லி முழித்துக் கிடந்ததெல்லாம் இதற்குத்தானா? சஸ்பெண்ட் செய்வார்கள். கேஸ் என் மேல் திரும்பும். பென்ஷன் போகும், ஜெயிலுக்குப் போவேன், அங்கே நான் அடித்தவர்கள் இருப்பார்கள், எனக்கு அவர்கள் லாடம் கட்டுவார்கள், தகடு வைத்த காலில். பயம் தொண்டைவரை வந்தது. அங்கே ஏற்கெனவே அந்த ஆரஞ்சுச் சுளை நின்றிருந்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டான், நான் கையைக்கூட ஓங்கவில்லை. "விழலங்கம்மா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "குதிச்சேன். குதிச்சா உடையுமான்னு பாக்கக் குதிச்சேன். எங்க ஸ்டேஷன் மாடியில இருந்து இதுவரைக்கும் குதிச்சவன் நான் ஒருத்தன்தான்." மயக்க டாக்டரின் கை என் நெற்றியில் அப்படியே நின்றது. "அப்ப அந்தப் பந்தல்காரர்?" என்றார் டாக்டரம்மா. "அவன் குதிக்கலங்கம்மா. நான் அடிச்சேன். இரும்புக் குழாய்." அவர் கண்ணை மூடித் திறந்தார். "இளமாறன், பேப்பர் எடுங்க. அவர் சொன்னது சொன்னபடி, அவர் பேரோட. கீழ நான் கையெழுத்துப் போடறேன், மயக்க டாக்டர் சாரும் போடட்டும். பழைய கேஸ் ஷீட்டையும் ரெக்கார்ட் ரூம்ல இருந்து எடுக்கச் சொல்லுங்க. ரெண்டு எக்ஸ்ரேயும் ஒண்ணா கோர்ட்டுக்குப் போகும்." பேனாவை என் விரல்களுக்கு நடுவில் வைத்தார்கள். போட்டேன்.

தள்ளுவண்டி கதவைத் தாண்டியது. வராந்தாவில் மத்தியான வெயில், கண்ணைக் கூசுகிறது. இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சிரித்த முகமாக. வண்டியோடு நடந்துகொண்டே கட்டுப் போட்ட காலின் மேல் செல்லமாகக் கையை வைத்தார். "என்னய்யா தவசி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா? ஒண்ணும் உளறலையே?" வண்டி தள்ளுகிற ஆளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று குரலைத் தணித்திருந்தார். "உளறலங்கய்யா" என்றேன். "தெளிவாத்தான் சொன்னேன். கையெழுத்தும் போட்டுட்டேன்." முதலில் அவருக்குப் புரியவில்லை, சிரிப்பு அப்படியே இருந்தது. அப்புறம் நடை நின்றது, வண்டியும் நின்றது. சிரிப்பு மெதுவாக அவர் முகத்தை விட்டுப் போவதைப் பார்த்தேன். கட்டின் மேல் இருந்த கை போகவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, என் பாதத்தைப் பிடித்தன. நான் காலை உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். வரவில்லை.